விளக்கு வைக்கிற நேரத்துப் போன்

என்னிடம் வேலை பழகிய ரம்யா இப்போது மதுரையில் ‘லைஃப் கோச்’. போன வாரம் கூப்பிட்டாள். “மேடம், உங்க சர்வீஸ்லயே பெரிய சக்ஸஸ் ஸ்டோரி ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வீடியோவாப் போடுறேன். முன்னாடி எப்படி இருந்தாங்க, பின்னாடி எப்படி ஆனாங்க, அவ்வளவுதான்.”

முடி வளர எண்ணெய் விற்கிறவன்தான் இப்படி முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் போடுவான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். யோசித்தால் ஒரே ஒரு கதைதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அது இரண்டு நிமிஷத்தில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது காரைக்குடியில் ஒரு அறக்கட்டளை நடத்திய வழிகாட்டி மையத்தில். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கிடைத்த வேலை பிடிக்காதவர்கள், ஐம்பது வயதில் வேறு ஆளாக ஆகவேண்டும் என்று தோன்றியவர்கள், எல்லோரும் வருவார்கள். கோச் என்றால் அப்போது எங்களுக்கு ரயில் பெட்டிதான். அஞ்சல் வழியில் மனோதத்துவம் படித்தேன், மதுரையில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தேன். அங்கே படித்ததில் பாதி முதல் மாதத்திலேயே உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதியை சபாபதி சார் உதிர்த்துவிட்டார்.

சார் எங்கள் மையத்தின் தலைவர். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, எப்போதும் வெற்றிலை வாசனை. ஆள் உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். மேஜைக்கு எதிரில் இருக்கும் நாற்காலியைத் தூக்கிப் பக்கவாட்டில் போடுவார். “எதிர்ல உக்காந்தா ஸ்டேஷன் மாதிரி இருக்கும்மா” என்பார். பிறகு ஃபேனை நிறுத்துவார். சித்திரை வெயிலிலும் நிறுத்துவார். மனுஷன் மெதுவாகச் சொல்கிறதுதான் காதில் விழ வேண்டும் என்பது அவர் கட்சி. வேர்த்து ஊற்றும். பேனாவைத் தொட மாட்டார்.

அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “நேத்து காலையில முழிச்சதுல இருந்து சொல்லுங்க.” வருகிறவர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசத் தயாராக வந்திருப்பார்கள். அவருக்கு நேற்றுத்தான் வேண்டும். எழுந்தேன், காப்பி குடித்தேன், வேலைக்குப் போனேன் என்று தாண்டினால் விடமாட்டார். “காப்பி யாரு போட்டா? எங்க உக்காந்து குடிச்சீக? பக்கத்துல யாரு இருந்தா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு நாளை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். எது நொண்டுகிறது என்பது நேற்றிலேயே இருக்கும்.

ஒருமுறை, அழுத ஒரு அம்மாளிடம் நான் “கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு சார் என்னைக் கூப்பிட்டார். “அவுக கவலைப்பட்டுத்தானம்மா பஸ் ஏறி வந்திருக்காக? அதைப் பட வேணாம்னு சொல்ல நீ யாரு?” என்றார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் எவரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட வாயில் வருவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளின் வாழ்க்கையைப் பற்றிப் பேச அந்த ஆள் மட்டும் வருகிற வழக்கம் கிடையாது. தாய்மாமன் வருவார், சித்தப்பா வருவார், பக்கத்து வீட்டில் படித்தவர் இருந்தால் அவரும் வருவார். “உன் பேரு என்னம்மா?” என்று பெண்ணைக் கேட்டால் பதில் மாமனிடமிருந்து வரும். கூட வந்தவர்களை வெளியே உட்கார வைப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. முகம் கோணினால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சார் மாமனின் காதருகே குனிந்து, “உங்ககிட்டத்தான் விவரமாப் பேசணும். மொதல்ல இந்தப் புள்ளைய அனுப்பிச்சிர்றேன், நீங்க செத்த நேரம் வெளிய இருங்க” என்பார். மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு பெண்ணுக்கு வழி கேட்டு வேன் பிடித்து வந்தார்கள். நர்ஸ் படிக்க வைப்பதா, டீச்சர் படிக்க வைப்பதா என்று வேனுக்குள்ளேயே சண்டை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நேற்றைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெண் கதவைப் பார்த்தது. “சார், கதவைச் சாத்திர்றீகளா? கொஞ்ச நேரம் தூங்கிக்கிர்றேன். எங்க வீட்டுல தூங்கவே விட மாட்டேங்குறாக” என்றது. சொன்ன கையோடு மேஜையில் தலை சாய்த்துவிட்டது. சார் என்னைப் பார்த்து, “ஃபேனைப் போடும்மா” என்றார். வெளியே போய், “புள்ள நல்லா மனசு விட்டுப் பேசிக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாரின் இன்னொரு விதி எனக்குக் கஷ்டமானது. வெளியில் யாரையாவது பார்த்தால் நாம் முந்திச் சிரிக்கக் கூடாது. காரைக்குடி சின்ன ஊர். நான் சிரித்தால் பக்கத்தில் நிற்கிறவர் “யாரு அது, எப்படிப் பழக்கம்?” என்று கேட்பார். அந்த ஆள் என்ன பதில் சொல்லும்? அதனால் தேரோட்டத்தில், ஜவுளிக்கடையில், கல்யாணப் பந்தியில், உள்ளும் புறமும் எனக்குத் தெரிந்த மனிதர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, “உப்பு இங்குட்டு நகட்டுங்க” என்று யாரோ மாதிரி கேட்பார்கள். நானும் யாரோ மாதிரி நகர்த்துவேன். நல்லபடியாக மாறியவர்கள்தான் இன்னும் வேகமாகத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்காமல் இருந்ததில்லை.

சார் இறந்தபோது அவர் வீட்டு வாசலில் ஏகப்பட்ட பேர் நின்றார்கள். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. “நீங்க எப்படிப் பழக்கம்?” என்று சாரின் மகன் கேட்டபோது ஒவ்வொருவரும் “தெரிஞ்சவரு” என்று மட்டும் சொன்னார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மாலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். சாவு வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்தது.

கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அவருடைய மச்சினன் கூட்டிக்கொண்டு வந்தார். கருப்பையா என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் இவரும் மனைவி பாண்டிச்செல்வியும் மட்டும்தான். பேர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மச்சினன் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். “மேடம், அத்தான் தைக்குள்ள திரும்பிப் போகணும். அதுவரைக்கும்தான் எடத்தைப் பிடிச்சு வப்போம்னு ஏஜெண்டு சொல்றாரு. இவுக ஒண்ணும் பிடி கொடுக்க மாட்டேங்குறாக. நீங்கதான் நல்லபடியா எடுத்துச் சொல்லி அனுப்பிச்சு வைக்கணும்.”

சார் சொல்வதையே நானும் சொல்லி மச்சினனை வெளியே அனுப்பினேன். ஃபேனை நிறுத்தினேன். கருப்பையா கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

“மேடம், நான் லீவுல வரலை. ஒரேயடியா வந்துட்டேன். இங்க என்னா தொழில் பார்க்கலாம்னு கேக்கத்தான் வந்தேன்” என்றார்.

“வீட்டுல சொல்லியாச்சா?”

“இல்லை மேடம். யாருமே அதைக் கேக்கலையே. எப்பக் கிளம்புறீக, எப்பக் கிளம்புறீகன்னுதான் கேக்குறாக.”

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவரைக் கண்டால் முதலில் கேட்கிற குசலம் அதுதான். டீக்கடையிலும் கேட்பார்கள், கோயிலிலும் கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். போவதற்கு உனக்கு ஓர் இடம் இருக்கிறது, உன் வேலை பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். இவரும் பழக்க தோஷத்தில் “அடுத்த மாசம்” என்று சொல்லியிருக்கிறார். ஊரே அடுத்த மாதத்துக்காகக் காத்திருந்தது. அவர் மனைவியும்.

நேற்றைப் பற்றிக் கேட்டேன். எழுந்தாராம். லீவில் வரும்போது எடுக்கிற பெரிய டம்ளரில் காப்பி வந்ததாம். மத்தியானம் கோழிக் குழம்பு, வறுவல், முட்டை. வந்து நாலு மாசமாக அன்றாடம் கோழி, இல்லாவிட்டால் மீன். வயிறு கெட்டுப் போயிருந்தது. வேண்டாம் என்றால் அவள் மனசு நொந்துபோகும் என்று தின்றுகொண்டிருந்தார். ஒரு குடம் தண்ணீர் தூக்கப் போனால் ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறாளாம். “என்னைய ஒரு வேலை ஏவ மாட்டேங்குறா மேடம். ஒரு வார்த்தை வையக்கூட மாட்டேங்குறா. விருந்தாளிய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கா.”

“நேத்து அவுககூட என்னா பேசினீக?”

“கொழம்பு போதுமான்னு கேட்டா. போதும்னேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் மேடம்.”

“கடைசியா எப்ப ரெண்டு பேரும் நல்லாப் பேசினீக?”

அவர் முகம் மாறியது. “அங்க இருந்தப்ப. போன்ல.” சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு, தங்கியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாராம். அங்கே ராத்திரி ஒன்பதாகியிருக்கும், இங்கே விளக்கு வைக்கிற நேரம். அவள் அன்று நடந்தது எல்லாவற்றையும் சொல்வாள். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது, கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, ரேஷன் கடையில் யார் யாரை வைதார்கள். “அடுப்புல கொதிக்கிற சத்தத்த வச்சே என்னா கொழம்புன்னு சொல்லுவேன் மேடம். தப்பவே தப்பாது.”

“அப்பப் போன்லயே பேசுங்களேன்” என்றேன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

“ஒரே வீட்டுக்குள்ளயா? ஊரு சிரிக்கும் மேடம்” என்று அவரே சிரித்தார். பிறகு எழுந்து போகும்போது வாசலில் நின்று, திரும்பாமல் ஒன்று சொன்னார். “இப்படியே இருந்தா நான் போயிருவேன் மேடம். அங்க போனாலாவது அவகிட்டப் பேசலாம்ல.”

எத்தனையோ பேருடைய பேச்சைக் கேட்டிருக்கிறேன். மனைவியோடு பேசுவதற்காகச் சிங்கப்பூர் போகிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பாண்டிச்செல்வியை வரச் சொல்லி அனுப்பினேன். தனியாக வந்தாள். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வீட்டைக் கட்டியது, மகளைக் கரையேற்றியது, வயலைக் குத்தகைக்கு விட்டது எல்லாம் அவள்தான். தையல் மிஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“அவுக லீவு முடிஞ்சும் இருக்காக அக்கா. வேலை போயிருச்சான்னு கேக்கப் பயமா இருக்கு. எப்பப் போறீகன்னு கேட்டா, போங்கன்னு வெரட்டுற மாதிரி ஆயிருமோன்னு அதையும் கேக்கலை. மொகத்தப் பார்த்தா இங்க இருக்கப் பிடிக்காத மாதிரியே இருக்காக. சாப்பாட்டுலயாவது கொறை வைக்கக் கூடாதுன்னு ஆக்கிப் போடுறேன்.” பிறகு, “எனக்கே ஒரு வாய் ரசஞ்சோறு திங்க மாட்டமான்னு இருக்கு” என்றாள்.

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன். அடுத்ததாக அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு போய்விட்டது. “இருபது வருஷம் ஒத்தையில இருந்தேன் அக்கா, ஒத்தையில இருக்கேன்னே தெரியலை. அவுக வந்த பெறகுதான் தெரியுது.”

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் போகப் போவதில்லையாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். ரம்யாவாக இருந்தால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து வீடியோ எடுத்திருப்பாள். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கடத்துவது எங்கள் வழக்கத்தில் இல்லை. “நீ சொல்லிக் கேட்டா அது உன் வார்த்தைதான். நாளைக்கு உப்புக் கூடினாலும் உன்கிட்டத்தான் வந்து நிப்பாக” என்று சார் சொல்வார். சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் பாண்டிச்செல்வி எனக்குப் போன் செய்தாள். “சும்மாதான் அக்கா.” மறுநாளும் சும்மாதான். அதற்கு மறுநாளும். அவர் அந்நேரம் கண்மாய்க்கரைக்குப் போய்விடுகிறாராம், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். அவள் அடுப்படியில் நின்று என்னிடம் பேசுவாள். ஜாக்கெட் கழுத்துக்கு வைத்த பட்டி கோணிக்கொண்டது, அடுத்த வீட்டு ஆடு கீரைப் பாத்தியில் இறங்கியது, எல்லாம் சொல்வாள்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் காலமாகி ரொம்ப வருஷம் ஆகிறது. மகள் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள், பேரன் முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவான். மற்ற நாட்களில் ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். ஆட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்பது பெரிய விஷயமாக இருந்தது. ஆபீஸிலேயே போனை சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். காப்பியைக் கலந்து வைத்துக்கொண்டு மணி அடிப்பதற்காக உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது என் பக்கம் சத்தமில்லாமல் இருந்ததால் அவள், “ஏங்க, லைன்ல இருக்கீகளா?” என்றாள். சொன்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஏங்க என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கூப்பிடுவாளா? இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் ஆட்டுப் பேச்சுக்குத் திரும்பினாள். நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

ராத்திரி முழுக்க மனசோடு மல்லுக்கட்டினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு எனக்குத் தெரியாதா? மறுநாள் அவள் கூப்பிட்டதும் சொல்லிவிட்டேன்.

“பாண்டிச்செல்வி, இனிமே இந்நேரத்துக்கு எனக்குப் போன் பண்ணாதீக.”

“ஏன்க்கா, தொந்தரவு பண்றேனா?”

“தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்லை. இது என் நேரம் இல்லை. இருபது வருஷமா நீங்க அவருக்குச் சொன்ன நேரம் இது.”

அவள் பக்கம் அடுப்பில் ஏதோ கொதித்தது. எனக்கு என்ன குழம்பு என்று சொல்லத் தெரியவில்லை. “அவுகதான் இங்குட்டே இருக்காகளே அக்கா” என்றாள் மெதுவாக.

“இருக்காக. கம்மாக்கரையில இருக்காக” என்றேன். வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கருப்பையாவும் வரவேண்டிய நாளில் வரவில்லை. வராமல் நின்றுவிட்டவர்களை நாங்களாகக் கூப்பிடக் கூடாது என்பதும் விதி. கேட்பதற்குச் சாரும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் டி.வி.யைப் போட்டுவிட்டு உட்காருவேன். என்ன ஓடுகிறது என்று பார்க்க மாட்டேன். திருப்பத்தூர் போகிற பஸ்ஸைக் கண்டால் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாமா என்று தோன்றும். மார்கழி பிறந்தது. போயிருப்பார் என்று முடிவு கட்டினேன். என் பேச்சால்தான் இரண்டு பேரும் இருந்த ஒரு பிடியையும் இழந்தார்கள் என்று தோன்றிவிட்டது.

மார்கழிக் கடைசியில் நானும் ஓய்வு பெற்றேன். சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். வழிகாட்டி மையத்துக்கு வந்து போனவர்கள் ஒருத்தரும் வரவில்லை. வரவும் முடியாது. வீட்டுக்கு வந்து மாலையை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நாற்காலியில் போட்டேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள், விளக்கு வைக்கிறதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. பாண்டிச்செல்வி.

“அக்கா, நல்லா இருக்கீகளா? இந்நேரத்துக்குப் பண்ணாதீகன்னு சொன்னீக. அதான் செத்த முந்தியே பண்ணுறேன்.”

“சொல்லுங்க, பாண்டிச்செல்வி.”

“அவுக போகலைக்கா.”

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். நான் போனை வைத்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அடுப்படியில் நின்றபோது போன் அடித்திருக்கிறது. பார்த்தால் அவர் பேர். கூப்பிடுகிற தூரத்தில் கண்மாய்க்கரை. எடுத்திருக்கிறாள்.

“என்னா செய்யிறன்னாக அக்கா. ரசம் வைக்கிறேன்னு சொன்னேன். எனக்கும் சேத்து வையின்னாக. போன்ல எனக்குக் கூச்சமே இல்லைக்கா, பழைய மாதிரி இருந்துச்சு. நானே கேட்டுட்டேன், எப்பக் கிளம்புறீகன்னு. நான் போகலை புள்ள, இருக்கத்தான் வந்தேன், சொல்லத்தான் தெரியலைன்னாக. அங்குட்டு அவுக அழுகுறாக, இங்குட்டு நான் அழுகுறேன். வீட்டுக்கு வந்த பெறகு ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. ரசஞ்சோறு தின்னுட்டுப் படுத்துட்டோம்.”

இப்போது அன்றாடம் அந்நேரத்துக்குக் கரையில் உட்கார்ந்து கூப்பிடுகிறாராம். பேசிக்கொண்டே நடந்து வந்து வாசலில் நின்றுதான் வைப்பாராம். வீட்டுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வருகிறதாம். நேற்று தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்ததற்கு இவள் நன்றாக வைதாளாம். திருப்பத்தூர் ரோட்டில் ஷெட் போட்டு, கேட்டும் கிரில்லும் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். மச்சினன்தான் முதல் ஆர்டர் கொடுத்தது.

“ஊரு சிரிக்குதா?” என்று கேட்டேன்.

“சிரிக்குது அக்கா. சிரிச்சுட்டுப் போகுது.”

எனக்கு அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. அத்தனை நாளும் அவள்தான் சொன்னாள், நான் ஒன்றும் சொன்னதில்லை. மாலை இன்னும் நாற்காலியிலேயே கிடப்பதைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனதைச் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், “நான் ரிட்டயர் ஆயிட்டேன், பாண்டிச்செல்வி” என்றேன்.

“அப்படியாக்கா? எப்ப?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கம் டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

“அக்கா, வச்சிர்றேன். அவுக லைன்ல வாராக.”

வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்ப என்று கேட்டாள் அல்லவா, அதற்குப் பதில் சொல்லாமலே கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.